இடது கை கஃப்

முட்டி வலிக்கு ஒருவருக்கொருவர் தைலம் சிபாரிசு செய்துகொள்ளும் வயதுக்கு வந்துவிட்ட என் வகுப்புத் தோழர்களே, தோழிகளே, உங்களுக்கு நினைவிருக்கும். நமக்கெல்லாம் இலையுதிர் காலம் சித்திரையில் வரும்.

மற்ற தேசங்களில் அது மரத்திலிருந்து வருகிறது. திருப்பூரில் ஆர்டரிலிருந்து வரும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ‘ஆட்டம் விண்டர்’, அதாவது இலையுதிர் குளிர்காலச் சரக்கு, என்று போட்டு அனுப்பினால், கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தொப்பி வைத்த கனத்த ஃப்ளீஸ் குளிர்ச்சட்டைகளைத் தைத்துத் தள்ளுவார்கள். டைலர்கள் முதுகில் வியர்வை ஆறாக ஓடும். மேஜைமேல் பனி பெய்கிற படம் போட்ட சட்டை மலையாகக் குவியும்.

நிஜமான இலையுதிர் காலத்தை அந்த வயதில் நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்த புதிது, நான் ஏழாம் வகுப்பு. ஐப்பசி மாதம், கொடைக்கானல். இலை உதிர்ந்ததா என்று கேட்காதீர்கள். பனிமூட்டத்தில் மரமே தெரியவில்லை.

ஐப்பசி மழையில் யாராவது மலைக்குப் போவார்களா? நாம் போவோம். உலகம் மே மாதத்தில் போகும். நமக்கு மே மாதத்தில்தான் ராத்திரி ஷிஃப்ட். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு தெற்கத்தி டைலர்களெல்லாம் ஊருக்கு பஸ் ஏறிய பிறகுதான் மிஷின்கள் வாயை மூடும். அந்தச் சில நாள்தான் முதலாளிமார்களுக்கும் விடுமுறை.

எங்கள் அப்பாவும் முதலாளிதான். பல்லடம் ரோட்டில் சின்னதாக ஒரு கம்பெனி. முதலாளியும் அவரே, கணக்குப் பிள்ளையும் அவரே, ஆள் வராத நாளில் கட்டிங் மாஸ்டரும் அவரே. அம்மா செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்ப்பாள். குறை இருக்கும் இடத்தில் விரல்நுனி அளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். குறை இல்லாவிட்டால் பாஸ். பாஸான சரக்கு பெட்டியில் ஏறிக் கடல் தாண்டிவிடும். தேறாதது வீட்டுக்கு வரும். நாம் அதைப் போட்டுக்கொண்டுதான் வளர்ந்தோம். நம் தலைமுறையின் பழைய ஃபோட்டோக்களில் எல்லோரும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். முதுகில் கோளாறு இல்லை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

அந்த ஸ்டிக்கர் சுருள் அம்மாவின் கைப்பையில் எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டிலும் பக்கத்தில் உட்கார்ந்தவள் முந்தானையை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். பழக்கம்.

தம்பிக்கு அப்போது பத்து வயது. அவனை ஜூன் மாதம் கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். காரணம் ஒரு பையர். அவர் கம்பெனிக்கு வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அப்பா “யெஸ்” என்றார். இன்னொன்று கேட்டார், அதற்கும் “யெஸ்”. முதல் கேள்வி ‘சரக்கு தாமதமாகுமா’ என்பது. இரண்டாவது ‘அப்படியானால் ஆர்டரைக் கேன்சல் செய்துகொள்ளட்டுமா’ என்பது. அந்த வருஷம் எங்கள் வீதியே தொப்பி வைத்த நீலக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தது. அன்றைக்கே அப்பா முடிவு செய்துவிட்டார்: “என்ற பையன் பேசோணும். நாளைக்கு எவன் வந்தாலும் அவனுக்குச் சமமா நின்னு பேசோணும்.”

என்னை அனுப்பவில்லை. “பொட்டப்புள்ளைக்கு பையர்கூட என்ன பேச்சுங்க?” என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அவனுக்கு மலை, ஏரி, படகு; எனக்குப் பல்லடம் ரோடு. ஒரு மாதம் அவன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அவன் வரவில்லை. பள்ளியில் விட்ட லீவு கொஞ்சம், கம்பெனியில் ஷிப்மெண்ட், மலையேறிப் போய்க் கூட்டிவர ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா சொன்னார்: “நோம்பி முடிஞ்சதும் கம்பெனி வேன எடுத்துட்டு எல்லாருமே வர்றம் கண்ணு.”

தம்பி அதில் ஒரு கணக்குப் போட்டுவிட்டான். பனியன் கம்பெனிக்காரன் பையன் போடுகிற கணக்கு. கம்பெனி வேன் ஊர் சுற்ற வராது. அது எங்கே போனாலும் சரக்கு ஏற்றத்தான் போகும்.

வேனில் பின் சீட்டெல்லாம் கழற்றியிருக்கும். துணி பண்டல்களைப் பரப்பி அதன்மேல் நாங்கள் உட்கார்ந்துகொண்டோம். மூன்று பேரும் அதே நீலக் குளிர்ச்சட்டை. டிரைவர் அண்ணனுக்குத் தூத்துக்குடிப் பக்கம். ஊருக்குப் போனால் கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிடுவார்கள் என்று பயந்து லீவுக்கும் போகாமல் தங்கியவர். கொமரலிங்கத்தில் ஆறு செந்நிறமாக ஓடியது. அம்மா பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு நிமிஷம் பார்த்தாள். நம் ஊர் ஆறு அப்போதெல்லாம் என்ன கலர் சாயம் போட்டார்களோ அந்தக் கலரில்தான் ஓடும். மண் கலரில் ஆறு ஓடுவது அவளுக்கு அதிசயம். பழனி தாண்டி மலையேறினோம். வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்தேன். இது பற்றி இதற்கு மேல் எழுதுவது இலக்கியமாகாது.

மேலே போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. தம்பி பள்ளி கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தான். தலையைப் படிய வாரி, ஷூ போட்டு. காலடியில் நீலத் தகரப் பெட்டி. அதன்மேல் சுருட்டிக் கட்டிய படுக்கை. அதன்மேல் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் குவளையும் சோப்பு டப்பாவும். எதுவும் நனையாதபடிக்கு பாலிதீன் உறைகளைப் பிரித்து மேலே போர்த்தியிருந்தான். அவன்தான் நனைந்திருந்தான்.

டிரைவர் அண்ணன் இறங்கினார். பார்த்தார். “வாங்க சின்ன மொதலாளி” என்று பெட்டியைத் தூக்கி வேனுக்குள் வைத்துவிட்டார். தம்பி ஒரே தாவாகத் தாவி ஏறிப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்துகொண்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான். கோரைப்பல் ஒன்று விழுந்திருந்தது. அது எங்களுக்குத் தெரியாது.

“ஏப்பா, அதெதுக்கு ஏத்தற?” என்றார் அப்பா.

“தம்பி பொட்டியோட நிக்காம்லா மொதலாளி. கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கோம்னு நெனச்சேன்.”

அப்பா பெட்டியைப் பார்த்தார், படுக்கையின் முடிச்சைப் பார்த்தார், முகம் மலர்ந்து அம்மாவைக் கூப்பிட்டார். “ஏம்புள்ளெ, இங்க வந்து பாரு! எப்பிடிக் கட்டி வெச்சிருக்கான் பாரு! ஊட்ல இருந்தப்ப ஒரு டவுசர எடுத்துக் கொடியில போட்டிருப்பானா? இதுக்குத்தான் இந்த ஸ்கூல்ல போட்டது.”

“நான் வந்து பாப்பேன்னு எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்குதுங்க” என்றாள் அம்மா. பையர் வரும் நாளில் சரக்குப் பெட்டிகளை வாசலில் வரிசையாக அடுக்கி வைக்கிற கம்பெனியில் இருப்பவளுக்கு வேறென்ன தோன்றும்? “வா கண்ணு, உள்ளாற கொண்டு போலாம். பாத்துப்போட்டு மாத்துத் துணி வெச்சுத் தாறேன்.”

டிரைவர் அண்ணன் பெட்டியை மறுபடி இறக்கினார். தம்பி கொஞ்ச நேரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தான். அப்புறம் இறங்கினான்.

பெற்றோர் வந்தால் உட்காரும் அறையில் நீளமான மேஜை ஒன்று இருந்தது. மேலே ட்யூப் லைட். அம்மா சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டாள். கொண்டையை இறுக்கிக்கொண்டு, பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து உதறி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஈரமும் பாச்சா உருண்டையும் கலந்த வாசனை. துணிகளுக்கு நடுவே, பனியனில் சுற்றி, ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு இருந்தது. தீபாவளியன்று ஹாஸ்டலில் கொடுத்ததாம். பாதியை மட்டும் கொளுத்திவிட்டு மீதியை வைத்திருந்தான்.

“இதெதுக்கு கண்ணு?”

“அக்காகூட ஊட்ல கொளுத்தலாம்னுங்க.”

“பத்திக்கிற சாமானத்தைத் துணிக்குள்ள வெப்பாங்களா?” என்று அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

மூன்றாவது சட்டையில் அம்மாவின் கை நின்றது. ஸ்வெட்டரின் இடது கையில், மணிக்கட்டைக் கவ்விப் பிடிக்கிற ரிப் பட்டை இருக்கிறதே, கஃப் என்போமே, அது பிரிந்து, நைந்து, வெளுத்துப்போயிருந்தது. ஒரு அம்புக்குறி ஒட்டினாள். அடுத்தது முழுக்கைப் பனியன். அதிலும் இடது கஃப். அடுத்தது ராத்திரி போடுகிற குளிர்ச்சட்டை. இடது கஃப். வலது கையெல்லாம் புதுசு மாதிரி இருந்தது. மேஜையில் வரிசையாகச் சிவப்பு அம்புகள், எல்லாம் ஒரே இடத்தை நோக்கி.

“ஏனுங்க, இங்க பாருங்க. எல்லாப் பீஸ்லயும் ஒரே எடத்துல டேமேஜு.”

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கஃப்பை இழுத்துப் பார்த்தார். “ஸ்வெட்டரு அவங்க குடுத்தது. பனியன் நம்முளுது. ரெண்டுக்கும் ஒரே ஃபால்ட்டா?”

“ஒரே எடத்துல வந்தா அது துணி ஃபால்ட் இல்லீங்க. மிஷின் ஃபால்ட்டுங்க.” அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். கம்பெனியில் இந்த விஷயத்தில் அவள் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. “தொவைக்கறவன் மிஷின்ல போட்டு இழுக்கறான். எங்கியோ சிக்குது.”

வார்டனைக் கூப்பிட்டார்கள். அவர் நல்ல மனிதர். ஒவ்வொரு அம்பையும் கவனமாகப் பார்த்தார். “டோபியைக் கண்டிச்சு வைக்கிறேன் மேடம்” என்றார். இதுவரை எந்தப் பெற்றோரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“ஏன்டா கண்ணு, எந்த மிஷின்டா இப்பிடிப் பண்டுது? நீ பாத்தியா?” என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்.

தம்பி மேஜைக்குப் பக்கத்தில் வந்தான். ஸ்வெட்டரிலிருந்து ஒரு அம்புக்குறியை நகத்தால் பெயர்த்து எடுத்தான். அதைத் தன் கன்னத்தில், அம்பு முனை வாயைக் காட்டும்படி, ஒட்டிக்கொண்டான். ஒட்டிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

 அப்பா வெடித்துச் சிரித்தார். அம்மா சிரித்தாள். வார்டனும் சிரித்தார். “நாட்டி பாய்” என்றார். நானும் சிரித்தேன், அவன் கோமாளித்தனம் பண்ணி வெகு நாளாயிற்று. அம்மா எச்சில் தொட்டு அந்த ஸ்டிக்கரை எடுத்துவிட்டு, கன்னத்தைத் துடைத்து, பெட்டியைப் புதுத் துணியால் நிரப்ப ஆரம்பித்தாள். பழையதையெல்லாம் மூட்டை கட்டி வேனுக்கு அனுப்பினாள். தம்பியின் சட்டைகள் ஊருக்குக் கிளம்பிவிட்டன.

ஐந்தரை மணிக்குள் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி அவனைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். ஏரியில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். குதிரைகள் நனைந்த கோணிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்றன. பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. திறந்திருந்த ஒன்றில் சுட்ட சோளம் வாங்கினோம். ஏரிக்கரையில் குளிருக்குக் கைகட்டி நின்றவர்களெல்லாம் நம் ஊர்க்காரர்கள்தான். சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்பா போகிற வருகிறவர்களின் சட்டையைக் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டு வந்தார். “அது நம்ம லாட்டுதான் புள்ள. கேன்சலானது. ஒறம்பரைகளுக்குக் குடுத்தமே, அங்கிருந்து கைமாறிக் கைமாறி இங்க வந்திருக்குது.”

பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனோம். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. சாயம் போடாத துணியை உலகத்துக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய மாதிரி.

“வந்தது வந்தாச்சு. நல்லாப் பாத்துக்குங்க” என்றார் அப்பா.

பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் தம்பி கேட்டான். “அப்பா, நானும் வேன்ல வந்தர்றனுங்க.”

“எங்க?”

“ஊட்டுக்குங்க. அக்கா ஸ்கூல்லயே படிச்சுக்கறனுங்க.”

“அப்பறம் இங்கிலீசு?”

“அது வந்துருச்சுங்கப்பா. இப்பவே பேசுவனுங்க. வேணும்னா கேளுங்க.”

அவன் எங்களை விட்டுத் திரும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த வெள்ளையைப் பார்த்துப் பேசினான். “மை ஃபாதர் ஈஸ் எ கார்மெண்ட் மேனுஃபாக்சரர். மை மதர் ஈஸ் எ குவாலிட்டி செக்கர். ஐ ஹாவ் ஒன் சிஸ்டர். ஐ லிவ் இன் திருப்பூர்.” ஒரு தடங்கல் இல்லை. மூச்சு மட்டும் புகையாக வந்தது. யாரோ நடத்திய பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தது அல்ல. எத்தனை நாளாகத் தனியாகச் சொல்லிப் பார்த்தானோ. கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னான்.

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. நான் என் கண்ணால் பார்த்தேன். சோளக் கதிரைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டார். “ஏம்புள்ளெ, கேட்டியா? கேட்டியாங்கறேன்! இந்தக் கொஞ்ச நாள்லயே இப்பிடீன்னா, பத்தாவது முடிக்கறப்ப இவன் தொரையாட்டப் பேசுவான். இந்த ஸ்கூல உட்டா வேற கெடைக்குமா?”

வீட்டுக்கு வர அவனிடம் இருந்த ஒரே சாமர்த்தியம் அதுதான். அது நன்றாக இருந்ததால் காரியம் கெட்டுவிட்டது.

ஐந்தரைக்கு முன்னாலேயே கொண்டுபோய் விட்டோம். அவன் அழவில்லை. “டாட்டா சொல்லு கண்ணு” என்றதும் சொன்னான். வலது கையை ஆட்டினான். இடது கையைப் புதுக் குளிர்ச்சட்டைக்குள் இழுத்துக்கொண்டிருந்தான். பனிமூட்டத்தில் முதலில் அவன் கால் மறைந்தது, அப்புறம் நீலச் சட்டை.

கொஞ்ச தூரம் வந்ததும் டிரைவர் அண்ணன், “ரெண்டு நாளைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு நானே கொண்டாந்து விட்டிருப்பேன்லா மொதலாளி” என்றார்.

“கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் வர்றானல்ல” என்றார் அப்பா. 

கம்பி மத்தாப்பை வீட்டு வாசலில் கொளுத்திப் பார்த்தேன். நமுத்துவிட்டது. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

டைலர்கள் ஊரிலிருந்து திரும்பியதும் கம்பெனி திறந்தது. முதலில் மிஷினில் ஏறியது வெளிநாட்டு ஆர்டர் இல்லை, தம்பியின் சட்டைகள். அம்மா பக்கத்திலேயே நின்று தைக்க வைத்தாள். இருப்பதிலேயே நல்ல ரிப். உள்ளே கான்வாஸ் நாடா. அதன்மேல் இரட்டைத் தையல். “இனி எந்த மிஷின் இழுத்தாலும் வராது” என்று டைலர் உத்தரவாதம் கொடுத்தார். பார்சல் போயிற்று.

தம்பி இப்போது நிஜமான இலையுதிர் காலம் இருக்கிற தேசத்தில் இருக்கிறான். பையருக்குச் சமமாகப் பேசுவான் என்று நினைத்தார்கள். அவனே பையர் பக்கத்து ஆளாகிவிட்டான். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறான். சோபாவின் நுனியில் உட்காருகிறான். காபி வேண்டுமா என்றால், “சிரமம் வேண்டாமுங்க” என்கிறான். ஒறம்பரைக்கு, அதாவது விருந்தாளிக்கு, எடுத்துவைக்கிற தட்டில்தான் அம்மா அவனுக்குச் சாப்பாடு போடுகிறாள். அது ஏன் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. நான், தேறாத சரக்கு, பல்லடம் ரோட்டிலேயே இருக்கிறேன். சிரிப்புக் கட்டுரை எழுதுகிறேன்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது அந்த கிறிஸ்துமஸ் லீவுதான். அவன் வந்து இறங்கிய அன்றே அம்மா பெட்டியைச் செக்கிங் மேஜையில் கவிழ்த்தாள். ஒவ்வொரு சட்டையாக எடுத்து, இடது கஃப்பை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாள். ஒரு நூல் பிரியவில்லை. வெளுப்பு இல்லை, நைப்பு இல்லை. கைப்பையிலிருந்து எடுத்து வைத்த ஸ்டிக்கர் சுருளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

“பாத்தீங்ளா? நான் சொன்னேன்ல, மிஷின் ஃபால்ட்டுன்னு!” என்றாள் அப்பாவிடம். “துணி நல்லாருக்குதா கண்ணு?”

“நல்லாருக்குதுங்கம்மா.”

அவன் இடது கை டவுசர் பாக்கெட்டில் இருந்தது. வந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது. அப்பா அதை ஹாஸ்டல் ஸ்டைல் என்றார். நான் விளையாட்டுக்குப் பிடித்து வெளியே இழுத்தேன். கடித்துக் கடித்து, நகம் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. விரல் நுனிகள் எல்லாம் சிவந்து, சதை தெரிந்து, ஓரங்களில் தோல் பிரிந்து கிடந்தது. அவன் கையை மெதுவாக உருவி மறுபடி பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, சொல்லாதே என்பது போல என்னைப் பார்த்தான்.

“எல்லாம் பாஸ்” என்று அம்மா கைப்பையை மூடினாள்.

தம்பி மேஜைக்கு வந்து, வலது கையால் மட்டும், சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தான். லீவு முடிய இன்னும் நாள் இருந்தது. நீட்டாகத்தான் அடுக்கினான்.